ஹாட் டப்பின் சீலை யார் உடைப்பது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, என் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் இருபத்திரண்டு பக்கம்.

“ஏட்டி பாக்கியம், இத வாசிச்சுப் பாத்து, வாங்கலாமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில சொல்லு. பதினொன்ற பஸ்ஸுக்கு நான் போவணும்.”

அண்ணன் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கம் கேட்டால் மிலிட்டரி அண்ணாச்சி வீடு என்று கை காட்டுவார்கள். எந்தக் கேள்விக்கும் ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது என்று இன்னமும் நம்புகிறவர்.

கவரில் இருந்தது, ஒரு ஹாட் டப்புக்கான எக்ஸ்டெண்டட் வாரண்டி பத்திரம்.

ஹாட் டப்பா... அதுவும் மம்சாபுரம் ரோட்டில் ஒரு வீட்டிலா... என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தத் தெருவே கேட்டது. கிரேன் வைத்து அதை காம்பவுண்டுக்கு மேலே தூக்கி இறக்கிய அன்று, நாற்பது பேர் நின்று பார்த்தார்களாம். மிலிட்டரி அண்ணாச்சி நீச்சல் குளம் கட்டுகிறார் என்று ஒரு வாரம் பேச்சு. குளமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு பெரிய தொட்டி. தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர், சுற்றிவிட ஒரு பம்ப், இரண்டையும் கட்டிமேய்க்க ஒரு சர்க்யூட் போர்டு. அவ்வளவுதான்.

அது என் மதினி சந்திராவுக்காக வந்தது. மதினிக்கு ஆறு வருடமாக மூட்டுவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, தோள் உயராது, முட்டி விறைத்துக்கொள்ளும். மருந்து நிற்காமல் ஓடுகிறது. அதோடு, காலையில் இருபது நிமிடம் உடம்பு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்தால் விறைப்பு குறையும், நோய் போகாது – என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் நந்தினி, சொன்னதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, தொட்டியை ஆர்டர் போட்டுவிட்டாள்.

வெந்நீர் கேட்டது. பத்து மாதத்தில் மதினி தானே தலை பின்னிக்கொண்டாள், தானே பால் பாக்கெட் உடைத்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு கதவுச் சாவியைத் திருப்பினாள். அதை எனக்கு போன் போட்டுச் சொன்னாள்.

கம்பெனி கொடுத்த வாரண்டி ஒரு வருடம். அது முடிய ஆறு வாரம் இருந்தது. அதற்குள் நீட்டித்துக்கொண்டால் இன்னும் மூன்று வருடம். இதைச் சொல்ல தினமும் பதினோரு மணிக்கு ஒரு பெண் போன் செய்கிறாள். பெயர் கீர்த்தனா. நீட்டிப்புக்கான தொகை? ஒரு நல்ல வாஷிங் மெஷின் வாங்கிவிடலாம்.

ஏன் என்னிடம் வந்தார் என்றால், நான் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவள். இருபத்தெட்டு வருடம். மெஷின்களோடு வருகிற ஒப்பந்தக் காகிதங்களை வாசிப்பதுதான் என் வேலையில் பாதி. அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது – எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பது. தருவதையெல்லாம் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். தராததைக் கடைசியில் பொடி எழுத்தில்.

அன்றும் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். மூடி கிழிந்தால் கிடையாது. ஃபில்டர் கிடையாது. எலி கடித்தால் கிடையாது. தண்ணீரின் தன்மையால் வரும் கோளாறு கிடையாது. பின்பக்கப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீல் ஸ்டிக்கரை கம்பெனி ஆள் அல்லாத யார் பிரித்தாலும், அந்த நிமிடத்தோடு எல்லாமே கிடையாது. ரிப்பேர் என்று சொன்னால் ‘நியாயமான காலத்துக்குள்’ ஆள் வருவார்.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? பதினோரு மணி அழைப்பு வந்தபோது அண்ணன் போனை வாங்கி நானே கேட்டேன்.

“ரிப்பேர் பார்க்க ஆள் எங்கிருந்தும்மா வருவாங்க?”

“கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர்ல இருந்து வருவாங்க மேம்.”

“எத்தனை நாள்ல?”

“ரீசனபிள் டைம்ல மேம்.”

“அது எத்தனை நாள்?”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள்: “அது என் ஸ்கிரீன்ல இல்ல மேம்.”

பொய் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அண்ணன் மணியைப் பார்த்தார். நான் கணக்குப் போட்டேன். போர்டு போனால் நம் ஊரில் யாருக்கும் கை வைக்கத் தெரியாது. பம்ப் போனாலும் அந்த அளவில் இங்கே கிடைக்காது. இரண்டில் ஒன்று போனாலே நீட்டிப்புக்குக் கட்டிய காசு திரும்பிவிடும். “வாங்கிருங்க” என்றேன். ஒரே வார்த்தை. அவர் திருப்தியாகப் பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தார். ஃபாரத்தை நிரப்பி வைத்தார்கள். ஒன்றாம் தேதி நந்தினி பணம் கட்டுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை ஹீட்டர் நின்றுவிட்டது.

பம்ப் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. அண்ணன் பதறவில்லை – முதல் வருட வாரண்டி இன்னும் கையில் இருக்கிறதே. கம்பெனிக்கு போன் செய்தார். புகார் எண் கொடுத்தார்கள். அதை ஒரு அட்டையில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

வெள்ளி போனது, சனி போனது. ஞாயிறு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கேயே தங்கிவிட்டேன்.

அண்ணன் கேஸ் அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சி, வாளி வாளியாகக் கொண்டுபோய் மதினிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கைக்கும் காலுக்கும் அது போதும். தோள் வரை முங்கி உட்கார ஆயிரம் லிட்டர் வேண்டும். அதை அண்டாவில் காய்ச்சி முடிப்பதற்குள் முதல் வாளி ஆறிவிடும். எழுபது வயதுக்காரர் அதையும் ஒருநாள் செய்து பார்த்திருக்கிறார். மதினிதான் வாளியைப் பிடித்து நிறுத்தினாளாம்.

கம்பெனி ஆள் எட்டாம் நாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அயர்ன் செய்த சட்டை, பெரிய பெட்டி, நல்ல பேச்சு. சீலைப் பிரித்து, ஹீட்டரைக் கழற்றி, காட்டினார். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் மேல் வெள்ளை வெள்ளையாகக் கல் மாதிரி உப்பு படிந்திருந்தது.

“போர் தண்ணியா சார்?”

“ஆமா. இங்க எல்லா வீட்லயும் அதானே.”

“வாட்டர் இஷ்யூ சார். வாரண்டியில வராது. புது ஹீட்டர் போடணும், கம்பெனில இருந்து வர அஞ்சாறு வாரம் ஆகும். அதுக்கு நீங்கதான் பே பண்ணணும்.”

நான் கேட்டேன்: “இதையே சுத்தம் பண்ணி மாட்டினா ஓடாதா?”

“ஓடலாம் மேடம். ஆனா எங்க பாலிசில கிளீனிங் கிடையாது, மாத்துறது மட்டும்தான். வெளி ஆளை வச்சும் தொட்டுறாதீங்க. மிச்சமிருக்க வாரண்டியும் போயிரும், எக்ஸ்டெண்டடும் எடுக்க முடியாது.”

ஹீட்டரைத் திரும்ப மாட்டினார். பெட்டியை மூடினார். புத்தம் புதுசாக ஒரு சீல் ஒட்டினார். வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே, பால்கோவா எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டார். அண்ணன் வழி சொன்னார். அன்றைக்கு அந்த வருகையால் யாருக்காவது பலன் கிடைத்தது என்றால், அது பால்கோவா கடைக்காரருக்குத்தான்.

அன்று சாயங்காலம் அண்ணன் மைதீன் பாயைக் கூட்டிவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அண்ணன் வீட்டு போர் மோட்டாரைப் பல வருடமாக அவர்தான் பார்க்கிறார். டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் பார்த்தார். டெக்னீஷியன் ஹீட்டரைக் கழற்றியபோது நான் போனில் எடுத்த போட்டோவையும் பார்த்தார்.

“வெந்நீர் போடுத ஹீட்டர்ல படியிற அதே உப்புதான் அண்ணாச்சி. கழட்டி லெமன் சால்ட்ல ஊறப்போட்டா விட்டுரும். அரை நாள் வேல.”

“அப்ப பாத்துருங்க பாய்.”

“பாக்கேன். ஆனா சீல நான் ஒடைக்க மாட்டேன். நாளப்பின்ன வேற எது போனாலும், மைதீன் கை வச்சான், அதான் போச்சும்பாக. நீங்க ஒடைச்சுக் குடுங்க. பொறவு நான் பொறுப்பு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

“பொறுங்கண்ணே, அவசரப்பட வேண்டாம்” என்றேன்.

மில்லில் இதைத்தான் செய்வோம். வாரண்டியில் இருக்கும் மெஷின் நின்றால், யாரையும் தொட விடமாட்டோம். கயிறு கட்டி, தொடாதே என்று பலகை மாட்டி, கம்பெனி ஆள் வரும்வரை காத்திருப்போம். ஒரு மெஷின் நின்றால் பக்கத்து மெஷின் ஓடும். நஷ்டத்தைத் தாளில் எழுதிக்கொள்ளலாம். நான் அந்தப் புத்தியோடுதான் அண்ணன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, கம்பெனிக்கு ஒரு ஈமெயில் எழுதினேன். எந்தப் பக்கம், எந்தப் பிரிவு என்று எண் போட்டு. தண்ணீரைப் பரிசோதிக்காமல் எப்படித் தண்ணீர் மேல் பழி போடலாம் என்று கேட்டு. நல்ல கடிதம் – எனக்கே இரண்டு முறை வாசிக்கத் தோன்றியது.

பதில் உடனே வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, இதுதான் உங்கள் புதிய புகார் எண். அண்ணன் அதையும் அட்டையில் எழுதினார்.

பத்தாம் நாள் காலை. மதினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பின்னால் நின்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மூன்று பிரியாகப் பிரிப்பார், ஒன்று நழுவும், மறுபடி ஆரம்பிப்பார். அவருக்குக் கை நடுக்கம் உண்டு. துப்பாக்கி பிடித்த கை என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் பின்னுகிறேன் என்றால் விடமாட்டார். நாலாவது தடவை நழுவியபோது மதினி, “போதும், நீங்க போயி பேப்பர் பாருங்க” என்றாள்.

அவர் வெளியே போனதும் என்னிடம் சொன்னாள்: “பாக்கியம், மேசை டிராயர்ல கத்திரி இருக்கு. எடுத்து வெட்டிரு.”

“எத மதினி?”

“முடியத்தான். தோளு வரைக்கும் போதும். தெனமும் அவிய நின்னு அல்லாடுறதப் பாக்க முடியல.”

அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் மறுத்துப் பேசத் தெம்பு இல்லை. கத்தரியை எடுத்தேன், வெட்டினேன். அறுபத்தாறு வயதிலும் மதினிக்கு இடுப்பு வரை முடி. ஒரு முழத்துக்குக் குறையாமல் என் கையில் வந்தது. பழைய செய்தித்தாளில் சுருட்டினேன். மதினி கையால் தடவிப் பார்க்க முயன்றாள். கை காதுக்கு மேல் எழவில்லை.

அண்ணன் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார். செய்தித்தாள் சுருளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மதினிதான் பேசினாள். கோபமாகக் கூட இல்லை. காய்கறி என்ன வாங்க வேண்டும் என்று சொல்லுகிற குரல்.

“இத வெட்டச் சொன்னேன். அவ அரை நிமிசத்துல வெட்டிட்டா. நீங்களும் பாத்துட்டு நிக்கிறீக. அந்த டப்புல ஒட்டியிருக்க ஸ்டிக்கர வெட்டதுக்கு மட்டும் எம்புட்டு நாளா யோசன? பேப்பர வாசிக்கிறீக, போன் பேசுறீக, கடுதாசி எழுதுறீக. டப்பு யாருக்கு? ஒருத்தராச்சும் என்னயக் கேட்டீகளா?”

உண்மை. நாங்கள் கீர்த்தனாவைக் கேட்டோம். டெக்னீஷியனைக் கேட்டோம். மைதீன் பாயைக் கேட்டோம். பெங்களூருக்கு போன் போட்டுக் கேட்டோம். அந்தத் தண்ணீரில் உட்கார வேண்டியவளைக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் கடைசிப் பக்கத்தை வாசித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அண்ணன் என் கையிலிருந்து கத்தரியை வாங்கினார். பின்பக்கம் போனார். சீலை நடுவில் வெட்டினார். நேராக, மிக ஒழுங்காக வெட்டினார். பிறகு மைதீன் பாய்க்கு போன் செய்தார்.

பாய் பத்து மணிக்கு வந்தார். மெயினை அணைத்தார், ஹீட்டரைக் கழற்றினார், பிளாஸ்டிக் வாளியில் ஊறப்போட்டார். நடுவில் மதியம் லுஹர் தொழுகைக்குப் போய்வந்தார். மூன்று மணிக்கு மாட்டி, மீட்டர் வைத்துச் சோதித்து, ஸ்விட்சைப் போட்டார். ராத்திரிக்குள் தண்ணீர் சூடேறிவிட்டது. போகும்போது ஒரு யோசனையும் சொன்னார்: “போர் தண்ணிய ஊத்தாதீக அண்ணாச்சி. முனிசிபாலிட்டித் தண்ணி வருத அன்னைக்குப் பிடிச்சு நெறைங்க. நாலு மாசத்துக்கு ஒருக்க நான் வந்து கழட்டிக் கழுவித் தாரேன்.”

இந்த மூன்று வாக்கியமும் அந்த இருபத்திரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை. நான் மறுபடி தேடிப் பார்த்தேன்.

மறுநாள் காலை மதினி தண்ணீரில் இறங்கினாள். அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பத்து நாள் விறைப்பு விலக ஆறேழு நாள் எடுத்தது. எட்டாம் நாள் சீப்பை எடுத்துத் தானே தலை வாரினாள். பின்னுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

கீர்த்தனா மட்டும் நிறுத்தவில்லை. பதினோரு மணிக்கு போன். அன்று அண்ணன் பேசாமல் மதினியிடம் கொடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தது, நானும் கேட்டேன்.

“சீல ஒடைச்சாச்சு தாயி” என்றாள் மதினி. “இனிமே ஒங்க வாரண்டி எங்களுக்கு ஆகாது. நீ எழுதிக்கோ.”

“ஏன் மேம் உடைச்சீங்க?”

மதினி சொன்னாள். விரல், தோள், பத்து நாள், முடி – எல்லாம். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் அவள் குரல் மாறிவிட்டது. ‘மேம்’ போய்விட்டது. தென்காசிப் பக்கத்துப் பேச்சு வந்துவிட்டது.

“பெரியம்மா... அந்தத் தண்ணி நெசமாவே கேக்குதா?”

“ஏன் கேக்க?”

“எங்கம்மாவுக்கும் காலையில வெரலு மடங்காது. பீடி சுத்துதாங்க. நான் தெனமும் இதத்தான் விக்கேன். ஆனா ஒருதடவ கூடக் கண்ணால பாத்ததில்ல.”

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னாள், ரத்தம் சோதிக்கச் சொன்னாள். “கைக்கு மட்டும்னா இந்த டப்பெல்லாம் வேண்டாம் தாயி. அகலமான சட்டியில கை பொறுக்குத சூட்டுல தண்ணி ஊத்தி, செத்த நேரம் முக்கி வச்சு, வெரல மடக்கி மடக்கி நீட்டச் சொல்லு. காலையில எந்திரிச்சதும் செய்யணும். பொறவு பீடித் தட்ட எடுத்தாப் போதும்.”

“சரி பெரியம்மா. இது ரெக்கார்ட் ஆவுது... வச்சிருதேன்.”

மறுநாள் பதினோரு மணிக்கு போன் வரவில்லை.

சரி, எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா, கூடாதா? நீங்களும் ஒரே வார்த்தையில்தான் கேட்பீர்கள். நாளைக்கே போர்டு போகலாம். போனால் மைதீன் பாயால் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்குச் செலவு நந்தினி தலையில்தான் விழும், நான் முதலில் சொன்னதே சரி என்றும் ஆகலாம். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அந்தப் பத்திரம் நல்ல பத்திரமாகவே இருக்கலாம் – ஆள் மதியமே வந்துவிடுவார். எங்கள் ஊருக்கு நான் இப்போது கற்றது இவ்வளவுதான். என்னென்ன பொருளுக்குப் பொறுப்பு என்று கேட்பதற்கு முன்னால், ஆள் எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பொறுப்பா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், அது நின்றுபோனால் உங்கள் வீட்டில் யார் நின்றுபோவார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரை முதலில் கேளுங்கள்.

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றேன். கீர்த்தனாவுக்காம். அவள் அம்மாவை டாக்டரிடம் காட்டினாளா என்று கேட்க வேண்டுமாம். மூன்று முறையும் ஒரே பதிவுக் குரல்தான் வந்தது – இந்த எண்ணுக்கு அழைப்புகள் வரும் வசதி இல்லை.

மதினி போனை மடியில் வைத்தாள்.

“கூப்பிட மட்டுந்தான் வச்சிருக்காக போல” என்றாள்.